மரகதம் அக்காவின் வளைகாப்புச் சேலை

என் உயிருக்கு உயிரான அக்கா மரகதத்துக்கு,

உன் மகள் கலா கல்யாணமாகி லூமுட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. மாப்பிள்ளை கடற்படைத் தளத்தில் மெக்கானிக். குடிப்பதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. கலா கொஞ்சம் மெலிந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். நான் இன்னும் போகவில்லை. வா என்று யாரும் கூப்பிடவில்லை.

இருபது வருடம் என்னை அம்மா என்று கூப்பிட்டவள் இப்போது சின்னம்மா என்கிறாள். முறைப்படி பார்த்தால் அதுதான் சரி, நான் உன் தங்கைதானே. ஆனால் நீ எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இரண்டரை வயது. மறு வருடம் என்னை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். அக்கா புருஷனாக இருந்தபோது மாமா என்று கூப்பிட்டேன், என் புருஷனான பிறகும் வாயில் வந்தது மாமாதான். ஒருநாள் ரப்பர்ப் பால் வாளியை வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குக் கலாவைக் கூட்டிவரப் போனேன். "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

அந்தச் சொல்லைத்தான் இப்போது தொலைத்துவிட்டு நிற்கிறேன். எப்படித் தொலைத்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் பேப்பருக்கு அனுப்புகிறேன். லூமுட்டில் கலா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வாங்குவார்களாம். கூறுகெட்டவள், வீட்டு விஷயத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் சொல்லித்தான் நான் கெட்டுப்போக வேண்டுமா என்ன?

வாசிக்கிறவர்களுக்கு விவரம் புரிய வேண்டும், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். எங்கள் வகையறாவில் கல்யாணமான பெண் தாலியோடு இறந்துபோனால் அவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவோம். அவளுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி உண்டு. அதில் மஞ்சள், வளையல், சேலை வைத்து மூடி விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவோம். கண்ட நேரத்தில் இறக்கக் கூடாது, தீட்டோடு தொடக் கூடாது. ஆடி மாதம் ஒருநாள் இறக்கி, சாம்பிராணி காட்டி, படையல் போட்டு, புதுச் சேலை ஒன்றை உள்ளே வைப்போம். போன வருடத்துச் சேலையை எடுத்து வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

உன் பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பட்டுச் சேலை இருந்தது. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். கலா உன் வயிற்றில் இருந்தபோது வளைகாப்புக்கு அப்பா ஈப்போவில் லகாட் ரோட்டுக் கடையில் எடுத்துக் கொடுத்தது. அதை நான் கட்டக் கூடாது. கலாவின் கல்யாணத்தன்று அவள் தோளில் போட்டு, உன்னிடம் உத்தரவு வாங்கி, அப்புறம்தான் மணவறைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று வைத்திருந்தோம்.

பன்னிரண்டு ஆடி அந்தப் பெட்டியை இறக்கினேன், அக்கா. பன்னிரண்டு வருடமும் நீ கட்டி முடித்ததைத்தான் நான் கட்டினேன். சேலையும் அப்படி, புருஷனும் அப்படி. மாமா தங்கமானவர், கை நீட்டியதில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆடியிலும் அந்தப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாட்டம் அழுவார். நான் அடுப்படியில் உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பாலைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு மலேரியா வந்து சாகக் கிடந்தபோதுகூட அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

எனக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் போனது. "பூவாடைக்காரி வழி விடமாட்டேங்கறா" என்று எங்கள் லயத்துக் குடியிருப்புப் பெண்கள் குழாயடியில் என் காதில் விழும்படியே பேசினார்கள். நீ அப்படிப்பட்டவளா? கூழாக இருந்தாலும் பாதியை எனக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாய். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டால் மனசு கெட்டுப்போகிறது. நானும் விட்டத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மாமாவுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலை கிடைத்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்தோம். புது வீடு, தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருந்தது. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஒரே ஒரு வீட்டுக்குள்ளாவது நான் முதலில் நுழைய வேண்டும், எனக்கு முன்னால் யாரும் அங்கே போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன். பாவமா அது?

அந்த வாரத்தில்தான் அரும்பொருளகத்து ஆட்கள் வந்தார்கள். ஈப்போவில் ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் பழைய பங்களாவில் மூன்று இனத்துக் கலைப் பொருள்கள், கைவேலைகள் எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். புவான் ரொஹானி என்ற மலாய்ப் பெண் அதிகாரியும் கணக்கு எழுத ஒரு தமிழ்க் கிராணியும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். எங்கள் வரிசையில் ஒருவர் உடுக்கை கொடுத்தார், இன்னொருவர் உரல் கொடுத்தார். நம் வீட்டுக்குள் வந்து விட்டத்தைப் பார்த்ததும் புவான் அப்படியே நின்றுவிட்டார். ஊதாவும் பச்சையுமாகப் பின்னிய ஓலைப்பெட்டி, மூடி ஓரத்தில் சிவப்புத் துணி தைத்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

"அக்கா, அந்தப் பெட்டிய குடுப்பீங்களா? புவான் ரொம்ப ஆசப்படறாங்க," என்றார் கிராணி.

"எடுத்துக்குங்க," என்றேன்.

அவரே நாற்காலி போட்டு இறக்கினார். மூடியைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் அடித்தது. அந்த வருடத்துச் சேலையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"உள்ள பட்டுச் சீலை ஒண்ணு இருக்கே. இது வேணுமா?"

"வேணாம்லா. எல்லாம் பழசு. அதையும் எடுத்துட்டுப் போங்க."

நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மலாயில் ஏதோ எழுதியிருந்தது, என்ன என்று கேட்கவில்லை. மாமா லாரி பேசப் போயிருந்தார், கலா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்வீட்டில் விட்டம் இல்லை, பெட்டியை எங்கே தொங்கவிடுவது, அதனால் பெட்டியைக் கொடுத்துவிட்டேன், சேலையைப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் மஞ்சளும் வளையலும் போட்டு, அடியில் ஒரு பழைய வேட்டியை மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன். பட்டு மடிப்பில் விட்டுப்போகிறது, கல்யாணத்துக்குப் பிரித்தால் போதும் என்றேன். அவரும் நம்பினார். எட்டு ஆடி அந்த டின்னுக்குச் சாம்பிராணி காட்டினேன். மாமா அந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான், அக்கா. எட்டு வருடமும் எனக்குச் சோறு இறங்கத்தான் செய்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கலா டின்னைப் பிரித்துவிட்டாள். ஜாக்கெட் துணிக்குக் கலர் பார்க்க வேண்டுமாம். நான் வேலை முடிந்து வந்தபோது அந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு நான் தீட்டு, பெட்டியைத் தொட முடியவில்லை, அவர்களே இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள், சேலையை எடுத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் இல்லை, மாமா மனசு உடைந்துபோவார் என்று மறைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோர்வையாக வந்ததோ. அன்றைக்கு எனக்குத் தீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று நாள் முன்பே தலைக்கு ஊற்றியிருந்தேன்.

உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னம்மா செய்வ? தெரியாம நடந்துபோச்சு. அழுவாத. போய்க் கேப்போம், குடுத்துருவாங்க" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தது எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

எந்த மியூசியம் என்று கேட்டாள். நினைவில்லை, தைப்பிங்காக இருக்கும் என்றேன். ஈப்போ என்று நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு வாரம் அவள் என்னை அம்மா என்று கூப்பிடட்டுமே என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி தைப்பிங்குக்குப் போனோம். நான் அதுவரை அரும்பொருளகம் என்று ஒன்றுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. பெரிய வெள்ளைக் கட்டடம். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். வெல்வெட்டில் தங்க நூல் வைத்துத் தைத்த தலையணைகள், மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு வைப்பதாம். சுரைக்காய் போலவே செய்த கறுப்பு மண்குடங்கள். வளைந்த கத்திகள் ஒரு சுவர் முழுக்க. கலா ஒன்று விடாமல் அட்டையைப் படித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இந்த மாதிரி தலகாணி ஒண்ணு வாங்கிக் குடும்மா, மணவறையில வச்சிக்கிறேன்."

"ஒன் மாப்பிள்ளைகிட்ட கேளு. நான் குடுத்தா பஞ்சு தலகாணிதான்."

"நீ சரியான கருமிலா."

அப்படிச் சிரித்துக்கொண்டு நடந்தோம். ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் இங்கே இருக்கக் கூடாது, இங்கே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். இல்லை என்று தெரிந்தே வேண்டினேன். காவலாளி, இந்தியர் சாமான்கள் இங்கே குறைவு, ஈப்போவில் இன்னொன்று இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார். திரும்பி வரும்போது மழை. கலா என் தோளில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். ஒன்றரை மணி நேரம் அவள் தலை என் தோளில் இருந்தது. எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன். அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அக்கா? மன்னித்திருப்பாளா?

அடுத்த ஞாயிறு ஈப்போவுக்குப் போனோம். முன் அறையில் மலாய்க்காரர்களின் ஜரிகைத் துணியும் பாயும். அடுத்த அறையில் சீனர்களுடையது, பூவேலை செய்த துணியில் பிள்ளையை முதுகில் கட்டும் தொட்டில், காகித விளக்கு, மரத்தில் செதுக்கிய சாமி. நம் ஆட்களுக்கு ஒதுக்கியது பின்னால் இருந்த சின்ன அறை, முன்பு பங்களாவின் சமையல்கட்டாக இருந்திருக்க வேண்டும். குத்துவிளக்கு, காவடி, எங்கள் வரிசைக்காரர் கொடுத்த அதே உடுக்கை. மூலையில் ஆளுயரக் கண்ணாடிக்குள் தலையில்லாத ஒரு துணிக்கடைப் பொம்மை நின்றது. அதற்கு உன் பட்டைக் கட்டிவிட்டிருந்தார்கள். முந்தானையை வலது தோளில் போட்டு, எங்கே பார்த்தாலும் குண்டூசி. காலடியில் உன் பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே பிளாஸ்டிக் பூ.

"அம்மா," என்றாள் கலா. என்னைக் கூப்பிட்டாளா உன்னைக் கூப்பிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் ஓடிப்போய் அலுவலகத்தில் சொன்னாள். புவான் ரொஹானிதான் வந்தார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். கலா மலாய்ப் பள்ளியில் படித்தவள், படபடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். இது எங்கள் அம்மாவின் புடவை, தெரியாமல் பெட்டியோடு வந்துவிட்டது, கல்யாணத்துக்கு வேண்டும் என்றாள். புவான் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துவந்து பிரித்து, ஒரு பக்கத்தைக் கலாவிடம் காட்டினார். கீழே என் கையெழுத்து, கோணல்மாணலாக, சரோஜா என்று.

கலா விரலை வைத்துப் படித்தாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள், தைப்பிங்கில் அட்டைகளைப் படித்துச் சொன்ன அதே மாதிரி.

"ஓலைப்பெட்டி ஒண்ணு. உள்ளே பட்டுப் புடவை ஒண்ணு. புடவை திரும்ப வேணுமான்னு கேட்டோம். வேணாம்னு சொன்னாங்க. ரெண்டையும் மனசார அன்பளிப்பா குடுத்தாங்க."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தையே பார்த்தேன்.

பதிவேட்டில் ஏறிவிட்டால் திருப்பித் தர விதி இல்லை, இருந்தாலும் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார் புவான். கல்யாணத்துக்குள் பதில் வராது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. கலா நன்றி சொல்லிவிட்டு அந்தச் சின்ன அறைக்குத் திரும்பப் போனாள். பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து, அவளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. நான் வாசலிலேயே நின்றேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சின்னம்மா, அம்மாகிட்ட உத்தரவு கேட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கும்னு சொன்னாங்க."

சின்னம்மா.

"மணவறையில நீங்க நிக்க வேணாம்னும் சொன்னாங்க."

இத்தனை வருடமும் 'நீ' தான், அக்கா. நீ சாப்டியாம்மா, நீ தூங்கும்மா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்தாள்.

"அக்கா அப்படிச் சொன்னாளா?"

"சொன்னாங்க."

பஸ் வந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றுகொண்டேன்.

மாமாவிடமும் அவளே சொல்லிவிட்டாள். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து அவர் சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டுக்கொள்கிறார், சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாரை வார்க்கும்போது மாமா பக்கத்தில் அவருடைய அக்கா நின்று சொம்பைப் பிடித்தார். நான் சமையல்கட்டில் அப்பளம் பொரித்தேன். "ஏன் இங்க நிக்கிறீங்க? பொண்ணுக்கு அம்மா அங்கல்ல நிக்கணும்?" என்று ஒரு சமையல்காரப் பெண் கேட்டாள். எண்ணெய் காய்ந்துவிட்டது, அப்பளம் கருகிவிடும் என்றேன். யாரோ தட்டில் அட்சதை கொண்டுவந்து என் கையிலும் கொஞ்சம் கொடுத்தார்கள். கெட்டிமேளம் கேட்டது. எங்கே போடுவது என்று தெரியவில்லை. சத்தம் வந்த பக்கமாகப் போட்டேன், சுவரில் பட்டு விழுந்தது. அப்புறம் நானே கூட்டி அள்ளினேன்.

புறப்படும்போது எல்லார் காலிலும் விழுந்தாள். என் காலிலும் விழுந்தாள், குறை வைக்கவில்லை. "வாரேன் சின்னம்மா" என்றாள். அவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். புவான் வருத்தப்பட்டுச் சொன்னார். அதற்குப் பிறகும் நான் ஞாயிறுதோறும் அங்கே போகிறேன். வேறு எங்கே போவேன்? மாமா வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார், வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு இது தேவலை. வாசலில் இருக்கும் காவலாளிக்கு நான் பழக்கமாகிவிட்டேன். "இன்னைக்கும் வந்துட்டீங்களா, அக்கா" என்பார். முன் அறை, சீன அறை எதையும் பார்க்காமல் நேராகப் பின்னால் போய்விடுவேன்.

போன ஞாயிறு புவான் என் பக்கத்தில் வந்து நின்றார். புடவை கட்டியது சரிதானா என்று கேட்டார். சரியில்லை, முந்தானை இடது தோளில் வர வேண்டும், பட்டில் இத்தனை ஊசி குத்தக் கூடாது என்றேன். பிறகு சாவியை எடுத்துவந்து கண்ணாடிக் கதவைத் திறந்து, நீங்களே சரியாகக் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, போன் வந்தது என்று அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே நீயும் நானும்தான். ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கிக் கீழே வைத்தேன். வளைகாப்பன்று உன்னால் குனிய முடியவில்லை, நான்தான் தரையில் உட்கார்ந்து கொசுவத்தை நீவிவிட்டேன், நினைவிருக்கிறதா? "இழுக்காதடி, உள்ள இருக்கறவ ஒதைக்கிறா" என்று சிரித்தாய். இந்தப் பொம்மைக்கு வயிறே இல்லை. கொசுவம் நிறைய மிஞ்சிப்போனது, எப்படி மடித்தாலும் நிற்கவில்லை. மடிப்பெல்லாம் நூல் விட்டிருந்தது. நான் பொய் சொன்னது போலவே ஆகிவிட்டது பார்.

சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது. கலாவிடம் கொண்டுபோய் நீட்டினால் மட்டும் அம்மா என்பாளா? கட்டி முடித்துவிட்டு முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு உன்னிடம் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். "அக்கா, நான் செஞ்சது தப்பு. ஆனா மணவறையில நிக்க வேணாம்னு நீதான் சொன்னியா? எங்கிட்ட ஒரு தடவ சொல்லு, போதும்."

அரை மணி நேரம் நின்றேன். இருபது வருடம் உனக்குச் சாம்பிராணி போட்டவள் நான், உன் சேலைக்கு முன்னால் நின்றால் உடம்பு சிலிர்க்கும், நெஞ்சில் ஏதோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. கையில் இருந்தது பழைய பட்டுத் துணி, பூச்சி மருந்து வாசம் அடித்தது. நீ அங்கே இல்லை, அக்கா. நான் கொடுத்த அன்றைக்கே போய்விட்டாயோ, இல்லை எப்போதுமே இல்லையோ, எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நீ அங்கே இல்லை என்றால், அன்றைக்குக் கலாவிடம் பேசியது யார்? மணவறையில் நிற்க வேண்டாம் என்று சொன்னது யார்?

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மை போட்டு அவள் உடம்பெல்லாம் எரிந்தபோது மூன்று நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தேன். என் மடியில்தான் பெரியவளானாள். அவள் சொன்னாள் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீதான் சொன்னாய் என்று இருக்கட்டும். உன்னை வீட்டைவிட்டு அனுப்பியவள் நான், நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நீ என்ன தண்டனை கொடுத்தாலும் தாங்கிக்கொள்வேன். வருகிற ஆடியிலும் அதற்கு அடுத்த ஆடியிலும் என் கை நடக்கிற வரைக்கும் உனக்குப் படையல் போடுவேன், நீ இருக்கிறாய் என்றே போடுவேன். பெண்ணுக்கு அம்மா ஏன் மணவறையில் நிற்கவில்லை என்று யார் கேட்டாலும், என் அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றே சொல்வேன். இது சத்தியம். கலா சொன்னாள் என்று சாகிற வரைக்கும் என் வாயில் வராது.

இப்படிக்கு,
உன் தங்கை,
கலாவின் சின்னம்மா,
சரோஜா
ஜெலாப்பாங், ஈப்போ